திராட்சை இல்லாத ஒயினும் ஒரு 100 பிராங்க் நோட்டும்

நாசிக் பக்கம் ஒயினரி பார்க்கப் போவது மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்போது லோனாவாலா போவது மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை காலையில் காரை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே. குடிப்பவர் குடிக்கிறார், குடிக்காதவர் கொடியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். 2023 மே மாதம் பார்சிலோனாவில் இருக்கும் மச்சினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, "இவ்வளவு தூரம் வந்துவிட்டு பிரான்ஸ் ஒயின் நாட்டைப் பார்க்காமல் போனால் எப்படி அத்திம்பேர்?" என்று அவர் பிடித்துத் தள்ள, ரயிலேறி இரண்டு மணி நேரத்தில் நார்போன் போய் இறங்கினோம்.

தென் பிரான்ஸ் என்றதும் நம் டிராவல் ஏஜெண்டுகள் நீஸ், கேன்ஸ் என்று நடிகர் நடிகைகள் உலாவும் கடற்கரையைக் காட்டுவார்கள். அதே மத்தியதரைக் கடலோரமாக மேற்கே, ஸ்பெயின் எல்லையை நோக்கி வந்தால் லாங்டோக். நல்ல வெயில், வறண்ட காற்று, கண்ணுக்கு எட்டியவரை கொடிகள். உயரப் பந்தல் எல்லாம் கிடையாது. இடுப்பளவுகூட வராத குட்டைச் செடிகள், வரிசை வரிசையாக. போர்தோ மாதிரி பெரிய பெயர் இந்த ஊர்களுக்கு இல்லை. பிரான்சின் சாதாரண ஜனங்கள் தினசரி சாப்பாட்டோடு குடித்த மலிவு ஒயின் நெடுங்காலம் இங்கிருந்துதான் போனது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் பாஸ்மதி வட்டாரம் அல்ல, ரேஷன் அரிசி வட்டாரம்.

நான் குடிப்பவன் இல்லை. ஆனால் வங்கி வேலையில் நான்கு வருஷம் நாசிக் மாவட்டம் நிபாட் தாலுகாவில் திராட்சைக்குக் கடன் கொடுத்து, வசூல் பண்ணி, வசூலாகாமல் விழித்து, எல்லாம் பார்த்தவன். அதனால் ஒயினரியில் மற்றவர்கள் கிளாஸைச் சுழற்றி மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வழிகாட்டிய பெண்ணிடம், "விவசாயிக்குப் பணம் எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கோ ஒரே சந்தோஷம். அது தனியார் ஒயினரி இல்லை, கூட்டுறவு. உறுப்பினர்கள் அறுவடைக் காலத்தில் டிராக்டரில் பழத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எடை போட்டு, சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று அளந்து, இரண்டையும் சேர்த்துக் கணக்கு எழுதுவார்கள். பணம் ஒரே தவணையில் வராது, ஒயின் விற்க விற்க வருஷம் முழுக்கப் பகுதி பகுதியாக வரும். கிட்டத்தட்ட மகாராஷ்டிராவின் கூட்டுறவு சர்க்கரை ஆலை மாதிரியேதான். ஆபீஸ் சுவரில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தார்கள். ஒரு சதுக்கம் முழுக்கத் தொப்பி போட்ட தலைகள், நடுநடுவே அட்டைகள். "தேர்தல் கூட்டமா?" என்றேன். "1907. ஒயினுக்காகக் கூடின கூட்டம்" என்றாள்.

ஓட்டலுக்குத் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். மும்பை வந்தும் விடவில்லை. ஒயின் வாசனை தெரியாதவர்களுக்கும் இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். கடன், விலை, கலப்படம், ஒரு மனிதனின் மானம் என்று எல்லாமே நமக்குத் தெரிந்த சரக்குதான்.

லாங்டோக்கை ஒயின் தொழிற்சாலை ஆக்கியது வெயில் மட்டுமில்லை, போக்குவரத்தும்தான். பெசியே ஊர்க்காரரான பியேர் போல் ரிக்கே என்பவர் முன்னின்று வெட்டிய மிதி கால்வாய் 1681ல் திறந்தது. (பெசியேவில் படகுகள் படிப்படியாக மலையேறுவது போல ஏறும் மதகு வரிசை இன்றைக்கும் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம்.) ஆனால் நிஜமான மாற்றம் 1850களில் ரயில் வந்த பிறகுதான். வடக்கே சுரங்கங்களும் மில்களும் பெருகின. அங்கே வேலை செய்தவர்களுக்கு மலிவான ஒயின் வேண்டும். லாங்டோக் சமவெளியில் கோதுமையும் ஆலிவும் போய், எங்கு பார்த்தாலும் திராட்சை. அதிலும் அராமோன் என்ற ரகம். காய்ப்பு எக்கச்சக்கம், சாறு நீர்த்தது, ருசி சுமார். விளைச்சலைப் பார்த்தவன் ருசியைப் பார்க்கவில்லை.

அப்புறம் வந்தது பூச்சி. பிலாக்ஸரா என்று பெயர். அமெரிக்காவிலிருந்து செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்ப் பூச்சி. 1860களில் ரோன் நதிப் பக்கம் கொடிகள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. 1868ல் மோன்பெலியேவைச் சேர்ந்த தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோனும் கூட்டாளிகளும் செத்த கொடியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த உயிருள்ள கொடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்கள். பூச்சி அங்கே கூட்டமாக இருந்தது. மரத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும் பூச்சி, அதனால் செத்த வேரில் கிடைக்காது.

வைத்தியமும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். அந்த வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்ட வேண்டும். நிபாட்டில் இன்றைக்கும் விவசாயிகள் ரூட்ஸ்டாக் என்று சொல்லி வாங்குகிறார்களே, அதே வித்தைதான். ஆனால் இதற்கு இருந்த கொடி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, புதிதாக நட்டு, மூன்று நான்கு வருஷம் வருமானமில்லாமல் காத்திருக்க வேண்டும். வங்கிக்காரனுக்கு இந்த இடத்தில் காது விடைக்கும். காத்திருக்கும் காலத்துக்குக் காசு ஏது? கடன்தான். ஒரு பிரதேசமே கடன் வாங்கி மறுபடி நட்டது.

தோட்டங்கள் செத்துக் கிடந்த அந்த வருஷங்களில் பிரான்ஸ் ஒயின் குடிப்பதை நிறுத்தவில்லை. உலர்ந்த திராட்சையை இறக்குமதி செய்து ஊறவைத்து ஒயின் பண்ணினார்கள். அல்ஜீரியாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள், அவர்களில் லாங்டோக்காரர்களும் உண்டு, அங்கே பெரிய பெரிய தோட்டம் போட்டார்கள். மூன்றாவது வழிதான் மோசம். பழத்தைப் பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் போட்டு இன்னொரு தடவை புளிக்கவைப்பது. காப்பித் தூளில் இரண்டாம் டிக்காஷன் இறக்குகிறோமே, அதுமாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இதை முதல் டிக்காஷன் என்று சொல்லி விற்றார்கள்.

புதுக் கொடிகள் காய்க்க ஆரம்பித்தபோது இந்த மாற்று ஒயின்கள் சந்தையை விட்டுப் போகவில்லை. 1889லேயே ஒயின் என்றால் திராட்சையிலிருந்து வந்தது மட்டுமே என்று சட்டம் போட்டிருந்தார்கள். அமல்படுத்த ஆள்தான் இல்லை. அதற்கு மேல் 1903ல் பிரெஞ்சு அரசாங்கம் சர்க்கரை வரியைப் பாதிக்கும் கீழே குறைத்தது. வடக்கே பீட்ரூட் சர்க்கரை முதலாளிகளுக்கு ஏற்றுமதி மானியம் போய்விட்டது, உள்ளூரில் விற்றாக வேண்டும், அவர்களுக்கு பாரிஸில் செல்வாக்கு இருந்தது. சர்க்கரை மலிந்ததும் கள்ள ஒயினும் மலிந்தது. நல்ல விளைச்சல் வருஷங்களும் சேர்ந்துகொள்ள, 1900க்குப் பிறகு லாங்டோக்கில் 100 லிட்டர் ஒயின் 10 பிராங்குக்கும் கீழே விழுந்த பருவங்கள் வந்தன. அது உற்பத்திச் செலவுக்கே காணாது. புது அறுவடைக்கு இடம் வேண்டும் என்று பழைய ஒயினை ஓடையில் கொட்டியவர்களும் உண்டு. நம்மூரில் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறார்களே, அதே காட்சி.

இப்போது மார்செலன் ஆல்பெர் வருகிறார். 1851ல் பிறந்தவர். நார்போனுக்கு வடக்கே அர்ஜெலியே என்ற சின்னக் கிராமத்தில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம், ஒரு காப்பிக் கடை. மெலிந்த உடம்பு, தாடி, ஏசுநாதர் சாயல் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். கள்ள ஒயினை ஒழிக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். ஊரில் அவரைக் கொஞ்சம் கிறுக்கு என்றே நினைத்தார்கள். 1907 பிப்ரவரியில் பிரதமர் கிளெமன்சோவுக்கே தந்தி அடித்தார்.

மார்ச் 11ம் தேதி நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணைக்காக நார்போன் வந்தது. ஆல்பெரும் அர்ஜெலியே விவசாயிகளும் சேர்ந்து 87 பேர் நடந்தே போய் மனு கொடுத்தார்கள். குழு கேட்டுக்கொண்டது, போய்விட்டது. இவர்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ஊரில் கூட்டம். முதல் ஞாயிறு சில நூறு பேர். ஏப்ரல் கடைசிக்குள் 20,000ஐத் தாண்டியது. மே 5 நார்போனில் 80,000 என்றார்கள். மே 12 பெசியேவில் 1,50,000. ஜூன் 9 மோன்பெலியேவில் குறைந்தது 5 லட்சம் என்கிறார்கள். மொபைலும் டிவியும் இல்லாத காலம். சிறப்பு ரயில், குதிரை வண்டி, நடை. மோன்பெலியே பிஷப், இரவு தங்க இடமில்லாதவர்களுக்கு தேவாலயங்களைத் திறந்துவிட்டார்.

அட்டைகளில் பசி பற்றியும் கடன் பற்றியும் எழுதியிருந்தார்கள். இயற்கை ஒயின் வாழ்க என்று தங்கள் பிராந்திய மொழியான ஆக்சிட்டனில் எழுதியிருந்தார்கள். எனக்கு ஆச்சரியம், அவர்களுடைய முதல் கோரிக்கை மானியம் இல்லை. ஒயின் என்று விற்பது ஒயினாக இருக்கட்டும் என்பதுதான். இருக்கிற சட்டத்தை அமல்படுத்து என்பதற்காக அரைக் கோடியில் பத்தில் ஒரு பங்கு ஜனம் தெருவுக்கு வந்த கதை வேறு எங்கே உண்டு, எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதும் சுவாரசியம். பெரிய பண்ணையார், சின்ன விவசாயி, கூலிக்காரர், வலதுசாரி, சோஷலிஸ்ட் எல்லாரும் ஒரே கொடியின் கீழ். இதே கூலிக்காரர்கள் 1904ல் கூலி உயர்வு கேட்டு இதே பண்ணையார்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள்! விலை விழுந்தபோது எதிரெதிர் ஆட்கள் ஒன்று சேர்ந்தார்கள். விலை ஏறின பிறகு யார் கை ஓங்கியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நார்போன் மேயர் எர்னெஸ்ட் ஃபெரூல், ஒரு டாக்டர், சோஷலிஸ்ட். ஜூன் 10க்குள் அரசாங்கம் எதுவும் செய்யாவிட்டால் ராஜினாமா என்று கெடு வைத்தார். கெடு முடிந்ததும் சொன்னபடி செய்தார். அவரைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் ராஜினாமா செய்தன. வரி கட்டமாட்டோம் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. கிளெமன்சோ ராணுவத்தை இறக்கினார். ஜூன் 19 விடியற்காலை ஃபெரூலைக் கைது செய்தார்கள். அன்று மாலையும் மறுநாளும் நார்போனில் துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி, ஊரிலிருந்து சந்தைக்கு வந்திருந்த 20 வயதுப் பெண், செசில் பூரெல். நாங்கள் நார்போன் நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டோம். சதுக்கத்தின் நடுவே ரோமானியர் காலத்து ரோட்டுத் துண்டு ஒன்றைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள், டூரிஸ்டுகள் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். துப்பாக்கிச் சூடு இந்தப் பகுதியில் நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சுட்ட செய்தி பரவியதும் 17ம் காலாட்படை கலகம் செய்தது. அந்தப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெசியே வட்டாரப் பையன்கள், திராட்சை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். முன்னெச்சரிக்கையாக அவர்களை இரண்டு நாள் முன்புதான் ஆக்டே என்ற கடலோர ஊருக்கு மாற்றியிருந்தார்கள். ஜூன் 20 இரவு சுமார் 500 பேர் ஆயுதக் கிடங்கை உடைத்து, துப்பாக்கியோடு ராத்திரி முழுக்க நடந்து, விடியும்போது பெசியே வந்து சேர்ந்தார்கள். மெயின் ரோட்டு மரநிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் ஜனம் ரொட்டியும் ஒயினும் கொண்டுவந்து கொடுத்தது. பேச்சுவார்த்தை நடத்தி சாயங்காலத்துக்குள் திரும்ப அழைத்துப்போனார்கள். பிறகு துனிசியாவில் காஃப்சா என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். தண்டனைப் படையில் போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று கதை பரவியது. அது உண்மையில்லை, சாதாரண ராணுவ சேவையைத்தான் முடித்தார்கள். ஆனால் அவர்களைப் பற்றி அந்த வருஷமே பாட்டு வந்து பிரான்ஸ் முழுக்கப் பாடினார்கள்.

ஆல்பெர்? அவர் மேலும் வாரண்ட். அர்ஜெலியே தேவாலய மணிக்கூண்டில் ஒளிந்திருந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பாரிஸுக்கு ரயிலேறினார். ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, நேரே உள்துறை அமைச்சகத்துக்குப் போய் கிளெமன்சோவைப் பார்க்க வேண்டும் என்றார். பிரதமரே உள்துறையையும் வைத்திருந்தார். பார்த்தார். ஊருக்குப் போய் ஜனங்களை அமைதிப்படுத்து, பிறகு நீயே போலீசில் சரணடை, கள்ள ஒயினை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேசினார். திரும்பிப் போக ரயில் காசு வேண்டுமே என்று 100 பிராங்க் நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். ஆல்பெர் வாங்கிக்கொண்டார்.

அவர் படியிறங்கிப் போனதும் கிளெமன்சோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னார். ஆல்பெர் அழுததையும் சொன்னார், நோட்டையும் சொன்னார். ரயில் ஊர் போய்ச் சேரும் முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. லட்சக்கணக்கான பேர் ரட்சகர் என்று தோளில் தூக்கிய மனிதரை, காசுக்கு விலை போனவர் என்று அவருடைய சொந்த ஆட்களே விரட்டினார்கள்.

நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 100 பிராங்க் என்பது என்ன? 100 லிட்டர் 10 பிராங்க் என்று வைத்தால் 1000 லிட்டர் ஒயினின் விலை. ஒரு சின்ன விவசாயிக்குச் சின்னத் தொகை இல்லை. இயக்கத்தையே விற்கும் அளவுக்குப் பெரிய தொகையும் இல்லை. கடன் வசூலில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஏழை விவசாயி கடனாளி என்பதால் அவன் மதிப்பு ஊரில் போகாது, எல்லாரும் கடனாளிதான். ஆனால் பெரிய இடத்தில் தனியாகப் போய்க் கை நீட்டினான் என்று ஒரு பேச்சு வந்தால் போதும். கிளெமன்சோ அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த நோட்டை மடித்துக் கொடுக்கும்போது அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ஆல்பெர் சொன்னபடி சரணடைந்தார், விடுதலையானார், கொஞ்ச காலம் அல்ஜீரியாவில் பிழைக்கப் பார்த்தார். 1921ல் வறுமையில் செத்தார்.

இதில் வேடிக்கை, அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆறே நாளில், ஜூன் 29, சட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் எவ்வளவு அறுவடை என்று அறிவிக்க வேண்டும். ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரி. கலப்படத் தடுப்புக்கென்றே அதிகாரிகள். அறுவடைக் கணக்கு வந்தபிறகு, 100 பீப்பாய் அறுத்தவன் 300 பீப்பாய் விற்க முடியாது. எளிமையான தணிக்கை வேலை. பழைய சரக்கு, புதுச் சரக்கு, விற்பனை, மூன்றையும் ஒட்டிப் பார்த்தால் களவு தெரிந்துவிடும். விலை சில வருஷத்தில் மேலே வந்தது. செப்டம்பரில் ஃபெரூல் தலைமையில் விவசாயிகளின் கூட்டமைப்பு ஒன்று உண்டாகி, தன் சொந்த ஆட்களை வைத்தே கள்ள ஒயின்காரர்களைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியது. அதில் பெரிய பண்ணைக்காரர்களின் கைதான் ஓங்கியிருந்தது. கூலிக்காரர் பழையபடி கூலிக்காரராகப் போனார்.

சின்ன விவசாயிக்கு நிலைத்து நின்றது வேறொன்று. பெசியே பக்கத்தில் மாரோசான் என்ற கிராமத்தில் 1901லேயே சில விவசாயிகள் சேர்ந்து, வியாபாரியைத் தவிர்த்து, பாரிஸ் தொழிலாளர்களின் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு நேரடியாக ஒயின் அனுப்ப ஆரம்பித்தார்கள். 1905ல் பொதுவான ஒயின் கிடங்கு. சோஷலிஸ்ட் தலைவர் ஜான் ஜோரெஸ் அந்த வருஷம் நேரில் வந்து பார்த்து எழுதினார். ஒவ்வொருவருக்காக எல்லாரும், எல்லாருக்காக ஒவ்வொருவரும் என்று முகப்பில் பொறித்திருக்கிறார்கள். தனியாகக் கிடங்கு இல்லாதவன் அறுவடை முடிந்த கையோடு வந்த விலைக்கு விற்றாக வேண்டும், கிடங்கு இருந்தால் காத்திருக்கலாம், வித்தியாசம் அவ்வளவுதான். நம் கதையிலும் இதே காலம்தான். சென்னை மாகாண அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சனை ஐரோப்பிய விவசாயக் கடன் சங்கங்களைப் படிக்கச் சொல்லி, அவர் 1890களில் அறிக்கை கொடுத்து, 1904ல் சட்டம் வந்து, திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் ஆரம்பித்தது. வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு நிக்கல்சன் பெயர் இரண்டு மார்க் கேள்வியாக நினைவிருக்கும்.

1930களுக்குள் லாங்டோக்கில் அநேகமாகப் பெரிய கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டுறவுக் கிடங்கு. நாங்கள் பார்த்ததும் அந்த வகைதான். கோயில் மண்டபம் உயரத்துக்குச் சுவர், உள்ளே இரண்டு பக்கமும் சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் நம்பரும் கொள்ளளவும். மே மாத வெயிலிலும் உள்ளே ஜில்லென்று இருந்தது.

சண்டை அதோடு ஓயவில்லை. 1976 மார்ச் 4, இத்தாலி ஒயின் இறக்குமதியை எதிர்த்த போராட்டத்தில் நார்போன் பக்கத்து மோன்ரெதோனில் இருதரப்பும் சுட்டுக்கொண்டதில் ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு விவசாயியும் இறந்தார்கள். பிறகு அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டு என்று கொள்கை மாறியது. அராமோன் கொடிகள் போயின. 1985ல் கோர்பியேர், மினெர்வுவா ஒயின்களுக்கு ஊர்ப்பெயர் அந்தஸ்து கிடைத்தது, நம் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு மாதிரி.

ஆனால் குடிக்கிற ஆள் குறைந்துவிட்டார். 1960ல் ஒரு பிரெஞ்சுக்காரர் வருஷத்துக்குச் சராசரியாக 100 லிட்டருக்கு மேல் குடித்தார், இப்போது அதில் பாதிகூட இல்லை. வழிகாட்டிய பெண் சொன்னாள், அவள் தாத்தா காலத்தில் உறுப்பினர்களாக இருந்த வீடுகளில் பாதி இப்போது கணக்கிலேயே இல்லை, பிள்ளைகள் துலூசில் விமானக் கம்பெனி வேலையில். நாங்கள் பார்த்த கூட்டுறவே அக்கம்பக்கத்துச் சங்கங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து மிஞ்சியது.

2024ல் அரசாங்கம் கொடியைப் பிடுங்குகிறவர்களுக்கு ஹெக்டேருக்கு 4000 யூரோ என்று அறிவித்தது. நார்போன் இருக்கும் ஓத் மாவட்டத்திலிருந்து நிறைய விண்ணப்பங்கள் போயின. 2025 ஆகஸ்டில் கோர்பியேர் மலைப்பக்கம் தீப்பிடித்து சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது. பச்சைத் திராட்சைத் தோட்டம் சாதாரணமாகத் தீயை நிறுத்தும் வேலி என்பார்கள். அந்தப் பக்கத்து மேயர்களும் விவசாயிகளும் டிவியில், கொடியைப் பிடுங்கிப்போட்டுப் புதர் மண்டிய நிலங்கள் வழியாகத்தான் தீ ஓடி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நின்ற தோட்டங்களிலும் பழத்தில் புகை வாசனை ஏறிவிட்டது, அந்த அறுவடையை என்ன செய்வது என்று கூட்டுறவுகளில் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.